லாக் புக்கில் ஒரு செப்டம்பர் மாதம்

கொஞ்ச நாளா எனக்கு ஒரு விசித்திரமான பழக்கம் ஒட்டிக்கிச்சு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் இங்கிலாந்து கிராமத்துப் பள்ளிக்கூடங்களோட பழைய லாக் புக்குகளைப் படிக்கிறது. அங்கே ஊருக்கு ஊர் வரலாற்று ஆர்வலர்கள் இருக்காங்க. ஆவணக் காப்பகத்துல உக்காந்து, வாத்தியாரோட கோழிக் கிறுக்கலைப் பொறுமையா எழுத்துக்கூட்டித் தட்டச்சு செஞ்சு வச்சிருக்காங்க. புண்ணியவான்கள். "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி எவனோ பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னா உனக்கென்னய்யா?"ன்னு வீட்டுல கேட்டாச்சு. நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

லாக் புக்குன்னா என்ன? தலைமையாசிரியர் எழுத வேண்டிய நாட்குறிப்பு. 1862இல் இங்கிலாந்தில் வந்த 'திருத்தப்பட்ட விதித்தொகுப்பு' (ரிவைஸ்டு கோட்) அரசு மானியம் வாங்கும் ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியும் இதை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கெட்டி அட்டை, கோடு போட்ட 500 பக்கங்களுக்குக் குறையக் கூடாது என்றுகூட விதி உண்டு. அதைவிட முக்கியமான விதி இன்னொண்ணு. நடந்ததை மட்டும் எழுத வேண்டும். பொதுவான அபிப்பிராயம், சொந்தக் கருத்து எதையும் எழுதக் கூடாது.

நம்ம பதிவர் உலகத்துல இப்படி ஒரு விதி போட்டா எத்தனை பேர் தேறுவோம்னு தெரியல :-)

ஆனா பாருங்க, கருத்து எழுதாதேன்னு சொன்னா மனுஷன் மழையைப் பத்தி எழுதுறான். ஷூ இல்லாத பிள்ளைகளைப் பத்தி எழுதுறான். இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் வரலை, வராதவன் எங்கே போனான்னு எழுதுறான். நாலு பக்கம் புரட்டினாலே அந்த வாத்தியாரோட வயித்தெரிச்சல் தெரிஞ்சுடும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அந்த வயித்தெரிச்சல் உச்சத்துல இருக்குற காலம் ஒண்ணுதான். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, அதாவது அவங்க பள்ளி வருஷத்தோட இலையுதிர் காலப் பருவம்.

ஏன்னு புரிய முதல்ல காசு கணக்கைப் பார்த்துடணும்.

அந்த 1862 விதித்தொகுப்பைக் கொண்டுவந்தவர் ராபர்ட் லோ என்கிற அரசியல்வாதி. கல்விக்குக் கொட்டுகிற பணத்துக்குப் பலன் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. இந்த முறை செலவு குறைந்ததாக இல்லாவிட்டால் திறமையானதாக இருக்கும், திறமையானதாக இல்லாவிட்டால் செலவாவது குறையும் என்று பாராளுமன்றத்திலேயே சொன்னவர். (இந்த மாதிரி ஆளுங்க எல்லா ஊர்லயும் எல்லாக் காலத்துலயும் உண்டு.) ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். அதுபோக, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை 200 அரைநாட்களுக்கு மேல் வந்திருந்து, இன்ஸ்பெக்டர் முன்னால் தேர்வெழுதித் தேறினால் இன்னொரு 8 ஷில்லிங். அந்த எட்டையும் மூணாப் பிரிச்சாங்க. வாசிப்பில் கோட்டை விட்டால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போச்சு. எழுத்தில் விட்டால் இன்னொரு 2 ஷில்லிங் 8 பென்ஸ். கணக்கில் விட்டால் மீதியும் போச்சு.

மானியம் பள்ளியை நடத்தும் நிர்வாகிகள் கைக்குத்தான் போகும். ஆனால் பல இடங்களில் வாத்தியார் சம்பளத்தை அதோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். ஆக, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தலையும் வாத்தியார் வீட்டு ரொட்டி. மானியத்துக்காகப் பிள்ளைகளை உருப்போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கடகடவென ஒப்பித்த பிள்ளைகளின் கதை அங்கே ரொம்பப் பிரசித்தம். கவிஞர் மேத்யூ ஆர்னால்டு 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். இந்த முறை படிப்பை இயந்திரமாக்கிவிடும் என்று ஆரம்பத்திலேயே எதிர்த்து எழுதினார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே அரசாங்கத்தை எதிர்த்து! சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதே சாயலில் தேர்ச்சியை வைத்து மானியம் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் வர்றார்னாலே நம்மூர் வாத்தியார்களுக்கு வேர்த்துக் கொட்டினதுக்கு வேர் அங்கேயிருந்துதான் வருது.

இப்ப செப்டம்பருக்கு வருவோம்.

அப்போது கிராமத்துப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை என்று பேர் கிடையாது. அறுவடை விடுமுறை. நிலையான தேதியும் கிடையாது. கோதுமை எப்ப முத்துதோ அப்ப லீவு. மழை பெய்து அறுவடை தள்ளிப்போனால் லீவும் தள்ளிப்போகும். நிர்வாகிகள் கூடி 'இன்னும் ஒரு வாரம்' என்று சொல்லி அனுப்புவார்கள். ஒருவழியாகப் பள்ளி திறந்து முதல் நாள் வாத்தியார் மணியடித்தால், வந்திருப்பது பாதிப் பிள்ளைகள்தான் இருக்கும்.

மீதிப் பேர் எங்கே? லாக் புக்கைப் புரட்டப் புரட்ட ஒரு விவசாயப் பஞ்சாங்கமே கிடைக்குதுங்க.

செப்டம்பர் தொடக்கத்தில் கதிர் பொறுக்குதல். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களை ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது பழைய வழக்கம். சில ஊர்களில் இதற்கென்று காலையில் சர்ச் மணி அடிப்பார்கள். அந்த மணிக்கு முன்னால் யாரும் வயலில் இறங்கக் கூடாது, எல்லாருக்கும் சம வாய்ப்பு. ஒரு தாயும் நாலு பிள்ளைகளும் ராப்பகலாகப் பொறுக்கினால் குளிர்காலத்துக்கு வீட்டில் மாவு இருக்கும். அந்த மணி அடிக்கும்போது பள்ளிக்கூட மணிக்கு யார் காது கொடுப்பார்கள் சொல்லுங்க?

தென்கிழக்கே கென்ட் பக்கம் போனால் ஹாப்ஸ். பியரில் கசப்புக்காகச் சேர்க்கிற பூ. உயரமான கம்பங்களில் கொடியாகப் படர்ந்திருக்கும். பறிக்க செப்டம்பரில் மூணு நாலு வாரம் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். உள்ளூர்க் கை போதாது. லண்டன் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் பானை சட்டியோடு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை, அதற்கென்றே விட்ட ரயில்களில் ஏறிப் போய்விடுவார்கள். அவங்களுக்கு அதுதான் சம்பாத்தியம், அதுதான் சுற்றுலா. லண்டன் பள்ளிகளில் பெஞ்சு காலி. கென்ட் கிராமப் பள்ளிகளோ போராடிப் பார்த்துவிட்டு, லீவையே ஹாப்ஸ் பறிப்புக்கு ஏற்ற மாதிரி தள்ளி வைத்துக்கொண்டன. புத்திசாலிங்க. தோற்கப்போற சண்டையில இறங்காம இருக்குறதும் ஒரு வித்தைதானே.

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் பிளாக்பெர்ரி பறிக்க, பன்றிக்குத் தீனியாக ஓக் மரத்துக் கொட்டை பொறுக்க. அக்டோபர் நடுவில் உருளைக்கிழங்கு. பெரியவர்கள் தோண்டிப் போட்டுக்கொண்டே போக, பின்னாலேயே குனிந்தபடி பிள்ளைகள் கூடையில் பொறுக்க வேண்டும். குனிஞ்ச முதுகுக்குச் சின்ன உடம்புதானே தோது! அதே சமயம் குளிர்காலக் கோதுமை விதைப்பு. விதைத்த வயலில் காக்கா இறங்காமல் இருக்க, கையில் கிலுகிலுப்பையோடு ஒரு பையன் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நிற்க வேண்டும். நம்மூர்ல தினைப்புனத்துல கிளி ஓட்டினதைப் பாட்டுல படிச்சு ரசிச்சிருக்கோம். இந்தப் பையன் அக்டோபர் குளிர்ல, மழையில, தனியா, எட்டு வயசுல நின்னான்.

நவம்பரில் பெரிய வீட்டுக் கனவான்கள் பறவை வேட்டைக்குக் கிளம்புவார்கள். புதருக்குள்ளிருந்து பறவைகளைக் கிளப்பிவிட வரிசையாகக் கம்பு தட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். பையன்களைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

நடுவில் இன்னொரு கூத்து. செப்டம்பர் 29 மிக்கேல்மஸ் திருநாள். விவசாயக் கூலிகளின் வருஷ ஒப்பந்தம் அதையொட்டித்தான் முடியும். நார்ஃபோக் மாதிரிப் பகுதிகளில் பழைய காலண்டர் கணக்குப்படி அக்டோபர் 10, 11 வாக்கில். வேறு பண்ணைக்கு மாறும் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். வாத்தியார் ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்த நாலு பிள்ளைகளின் பெயரை அடித்துவிட்டு, எழுத்தே தெரியாத ஐந்து புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார். இன்ஸ்பெக்டர் வந்தால் இந்த ஐந்துக்கும் சேர்த்து அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதுக்கு மேல மழை. நவம்பர்ல ரோடு சகதி. கிராமப் பிள்ளைகள் இரண்டு மூணு மைல் நடந்து வருவார்கள். பூட்ஸ் கிழிஞ்சிருந்தா வர முடியாது. ஒரே ஜோடி பூட்ஸை அண்ணன் ஒருநாள், தம்பி ஒருநாள் போட்டு வந்த வீடுகள் உண்டு. அப்புறம் கக்குவான், தட்டம்மை, ஸ்கார்லட் காய்ச்சல், தொண்டை அடைப்பான். தொண்டை அடைப்பான் வந்துவிட்டால் லாக் புக்கில் ஒரு வாரம் ஒரு பிள்ளையின் பெயர் வரும். அடுத்த வாரம் அதே பெயர் மறுபடி வரும், இறந்துவிட்டதாக. அதற்கு அடுத்த வரி, வருகை எண்ணிக்கை. கருத்து எழுதக் கூடாதே.

நானும் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான். நடவு சமயத்துல எங்க வகுப்புல பின்வரிசை காலியாத்தான் கிடக்கும். வாத்தியார் பேர் கூப்பிடும்போது "சார், அவன் நாத்துக்கட்டு தூக்கப் போயிட்டான்"ன்னு நாங்களே கோரஸா சொல்லுவோம். அவரும் ஒண்ணும் சொல்லாம அடுத்த பேருக்குப் போயிடுவார். அந்த நிமிஷத்துல அவர் முகம் எப்படி இருந்ததுன்னு அப்போ நான் பார்த்ததே இல்ல. இந்த லாக் புக்கைப் படிச்ச பிறகுதான் அந்த முகம் ஞாபகத்துக்கு வருது.

சரி, சட்டம் என்ன பண்ணிச்சு?

சட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. 1870இல் ஃபார்ஸ்டர் சட்டம். பள்ளி வாரியங்கள் விரும்பினால் 5 முதல் 13 வயது வரை வருகையைக் கட்டாயமாக்கலாம் என்றது. 1873இல் விவசாயப் பிள்ளைகள் சட்டம். எட்டு வயதுக்குக் கீழே வயலில் வேலைக்கு வைக்கக் கூடாது, அதற்கு மேலே 12 வயது வரை இத்தனை நாள் பள்ளிக்கு வந்திருந்தால்தான் வேலை கொடுக்கலாம் என்றது. ஆனா இதை அமல்படுத்த யாரையும் நியமிக்கவே இல்லை! செத்துப் பிறந்த சட்டம். 1880இல் முண்டெல்லா சட்டம் வந்து 10 வயது வரை எல்லாருக்கும் கட்டாயம் என்றது. 1891 வரை பெரும்பாலான பள்ளிகளில் பெற்றோர்தான் வாராவாரம் காசு கொடுத்துப் படிக்க வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் பிள்ளை கையில் பென்னி கொண்டு வர வேண்டும். யோசிச்சுப் பாருங்க, வயலுக்கு அனுப்பினா பையன் காசு கொண்டு வருவான், பள்ளிக்கு அனுப்பினா காசு கொண்டு போவான். ஏழைத் தகப்பன் எதைச் செய்வான்?

பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் உண்டு. செலவோடு சேர்த்து அதிகபட்சம் 5 ஷில்லிங். ஆனால் வழக்கை விசாரிக்கிற கிராமப்புற நீதிபதி யார்? பெரிய நிலக்காரர். பள்ளி நிர்வாகிகள் யார்? பண்ணையார்களும் பாதிரியாரும். கிழங்கு பொறுக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டது யார்? அதே பண்ணையார்கள். நவம்பர் வேட்டைக்குக் கம்பு தட்டப் பையன்களைக் கூட்டிப்போன கனவானேகூட மறுவாரம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து 'பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை' என்று அப்பனைக் கேட்டிருக்கலாம். கேட்காமலேயே தள்ளுபடி செய்ததுதான் அதிகம். வாத்தியார் யார்கிட்ட போய்ச் சொல்றது? அவருக்குச் சம்பளம் கொடுக்குறவரேதான் அவர் பிள்ளைகளைப் பிடிச்சுட்டுப் போறவரும். அந்த லாக் புக்கைப் படிக்கப் போறவங்களும் அவங்கதான்! அதனால 'இன்னாருடைய வயலில்'னு எழுதாம, பொத்தாம் பொதுவா 'உருளைக்கிழங்கு வேலை காரணமாக'ன்னு எழுதி முடிச்சுக்கிட்ட வாத்தியார்கள் இருந்திருக்க மாட்டாங்களா என்ன?

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். வாத்தியார் பக்கம் நின்னே பேசிக்கிட்டிருக்கேன். பிள்ளைகள் பக்கம் என்ன? அவங்களுக்குப் பள்ளிக்கூடம் சொர்க்கமா ஒண்ணும் இல்லை. ஒரே கூடத்தில் 60, 70 பேர், நடுவில் ஒரு கணப்பு, வாத்தியார் கையில் பிரம்பு. லாக் புக்கில் பிரம்படியும் பதிவாகியிருக்கும். வயலில் முதுகு வலிக்கும், ஆனா அம்மா பக்கத்துல இருப்பா, கொஞ்சம் காசு கிடைக்கும், பிளாக்பெர்ரியும் தின்னலாம்.

பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களே சொன்ன தருணங்கள் உண்டு. இரண்டுமே இலையுதிர் காலத்தில்தான். 1889 செப்டம்பரில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். அடுத்த மாதமே ஸ்காட்லாந்தில் ஹாயிக் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. இன்னும் பெரியது 1911. அந்த ஆகஸ்டில் வேல்ஸிலுள்ள லானெல்லியில் ரயில்வே வேலைநிறுத்தம். ஆகஸ்ட் 19 அன்று ராணுவம் சுட்டு இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். ஊரே கொதித்துக் கிடந்தது. லீவு முடிந்து பள்ளி திறந்தது. செப்டம்பர் 5 அன்று அதே ஊரில் பிகின் பள்ளியில் 'ஸ்டிரைக் பண்ணுவோம்' என்று ஒரு துண்டுச் சீட்டைச் சுற்றுக்கு விட்ட பையனை வாத்தியார் தண்டித்தார். அவ்வளவுதான். பசங்க வெளியே வந்துட்டாங்க.

இரண்டு வாரத்துக்குள் லிவர்பூல், மான்செஸ்டர், ஹல், லண்டன், கிளாஸ்கோ என்று 60க்கும் மேற்பட்ட ஊர்களில் பரவியது. தந்தியும் செய்தித்தாளும் தவிர ஒண்ணும் இல்லாத காலம்! கோரிக்கைகள் என்ன தெரியுமா? பிரம்பை ஒழிக்கணும். வீட்டுப்பாடம் வேண்டாம். நேரத்தைக் குறைக்கணும். கூடுதலாக அரைநாள் லீவு வேணும். வகுப்புத் தலைவன் வேலை பார்க்கிற மானிட்டருக்கு வாரம் ஒரு பென்னி கூலி வேணும். சில இடங்களில், உருளைக்கிழங்கு பொறுக்க லீவு வேணும்! அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்தப் புகைப்படங்கள் இருக்கின்றன. தொப்பி போட்ட பொடிசுகள், சிலர் வெறுங்காலோடு, முகத்தில் அப்படி ஒரு கம்பீரம். எல்லாம் ஒரு சில நாள்தான். அம்மாக்களே காதைப் பிடிச்சு இழுத்து வந்து விட்டார்கள். முன்னால் நின்றவர்களுக்கு எல்லார் முன்னாலும் பிரம்படி. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்பு சட்டப்படி போனது 1987 ஆகஸ்டில். அந்தப் பசங்க கேட்டது கிடைக்க 76 வருஷம் ஆச்சு.

அடுத்ததுதான் என்னைத் தூங்க விடாம பண்ணின பகுதி.

1914இல் போர் வந்தது. வயலில் ஆள் இல்லை. அரை நூற்றாண்டாகக் கெஞ்சியும் மிரட்டியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்த அரசு, இப்போது விதியைத் தளர்த்தி வயலுக்கு அனுப்பச் சொன்னது. 1917இல் கல்வித் துறைத் தலைவர் ஃபிஷர், போரின் மூன்று வருஷத்தில் சுமார் 6 லட்சம் பிள்ளைகள் காலத்துக்கு முன்பே பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டதாகப் பாராளுமன்றத்தில் ஒத்துக்கொண்டார்.

அதே 1917 இலையுதிர் காலத்தில் பள்ளிச் சுவர்களில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துக் கொட்டை கொண்டு வந்தால், ஹண்ட்ரட்வெயிட்டுக்கு (112 பவுண்டு, நம்ம கணக்குல சுமார் 51 கிலோ) 7 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தக் கொட்டைக்குப் பிள்ளைகள் வைத்த பேர் காங்கர். நடுவில் ஓட்டை போட்டு நூலில் கோத்து, ஒருத்தன் கொட்டையை இன்னொருத்தன் தன் கொட்டையால் அடித்து உடைக்க வேண்டும். அக்டோபர் வந்தால் பள்ளி மைதானம் பூரா இந்த விளையாட்டுதான். நம்ம பம்பரக் காலம், கோலிக் காலம் மாதிரி அது காங்கர் காலம்.

எதற்கு என்று சொல்லவில்லை. போருக்குத் தேவை, அவ்வளவுதான். பாராளுமன்றத்தில் கேட்டபோதும் மழுப்பினார்கள். விஷயம் இதுதான்: துப்பாக்கி, பீரங்கி குண்டுகளுக்கு கார்டைட் என்ற வெடிமருந்து வேண்டும். அது செய்ய அசிடோன் என்ற திரவம் வேண்டும். சைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் (ஆமாங்க, பின்னாடி இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான அதே வைஸ்மன்தான்) மாவுச்சத்தை ஒரு பாக்டீரியாவால் புளிக்க வைத்து அசிடோன் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். மக்காச்சோளத்தில் நன்றாக வரும். ஆனால் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்ததால் சோளம் வருவது சிரமமாகிவிட்டது. மனுஷன் தின்னாத மாவுச்சத்து எங்கே கிடைக்கும்? ரோட்டோரத்து காங்கரில்.

பிள்ளைகள் மூட்டை மூட்டையாகப் பொறுக்கிக் குவித்தார்கள். ஏற்றிப் போக ரயில் வண்டி போதவில்லை. ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் குவியல் கிடந்து அழுகியது. சுமார் 3,000 டன் மட்டும் கிங்ஸ் லின் ஊர்த் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1918 ஏப்ரலில் உற்பத்தி ஆரம்பித்தது. காங்கரிலிருந்து அசிடோன் சரியாக எடுபடவில்லை. ஜூலையில் மூடிவிட்டார்கள்.

காங்கர் பொறுக்கினது தப்புன்னு நான் சொல்ல வரல. அண்ணனும் அப்பனும் போர்முனையில் இருந்த பிள்ளைகள் அவர்கள், சந்தோஷமாகத்தான் பொறுக்கியிருப்பார்கள். ஆனா 1870கள்ல ஒரு கூலிக்காரத் தாய் தன் பிள்ளையைக் கதிர் பொறுக்கக் கூட்டிப்போனா அது குற்றம், 5 ஷில்லிங் அபராதம். 1917ல அரசாங்கம் கொட்டை பொறுக்க அனுப்பினா அது தேசபக்தி, 7 ஷில்லிங் 6 பென்ஸ் கூலி. 1918 செப்டம்பரில் ராணுவத்துக்கு ஜாம் செய்யப் பிளாக்பெர்ரி பறிக்கச் சொல்லி, பள்ளி நேரத்திலேயே வாத்தியாரோடு அனுப்பினார்கள். நாற்பது வருஷமா 'பிளாக்பெர்ரி பறிக்கப் போனதால் வருகை குறைவு'ன்னு எழுதி நொந்த அதே லாக் புக்கில், இப்போது இத்தனை பவுண்டு பிளாக்பெர்ரி அனுப்பினோம் என்று பெருமையாகக் கணக்கு. கை ஒண்ணு, பழம் ஒண்ணு, வேலி ஒண்ணு. ஏவுற ஆள்தான் மாறிட்டான்.

அந்த 1918 இலையுதிர் காலத்தின் மீதிப் பக்கங்கள் பல புத்தகங்களில் வெறுமையாக இருக்கும். இன்ஃப்ளூயன்சா. அக்டோபர் கடைசியில் ஊர் ஊராகப் பள்ளிகளை மூடினார்கள். நவம்பர் 11 போர் முடிந்த சேதி வந்தபோது மணியடித்துக் கொண்டாடப் பல பள்ளிகளில் பிள்ளைகளே இல்லை. அந்த வருஷம் வந்த ஃபிஷர் சட்டம் பள்ளி வயதை 14 ஆக்கி, பாதி நாள் வேலை பாதி நாள் படிப்பு என்ற சலுகைகளையும் ஒழித்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மேலும் மூணு நாலு வருஷம் பிடித்தது.

1939 செப்டம்பர் பற்றித் தனியாவே எழுதலாம், அதனால சுருக்கமா. செப்டம்பர் 1 வெள்ளிக்கிழமை தொடங்கி மூணு நாளில் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு மாற்றினார்கள். அதில் 8 லட்சத்துக்கும் மேல் பள்ளிப் பிள்ளைகள், கழுத்தில் பெயர்ச் சீட்டு, கையில் வாயு முகமூடிப் பெட்டி. முப்பது பிள்ளைகள் இருந்த கிராமப் பள்ளி வாசலில் திடீர்னு எழுபது பேர் வந்து நிற்பார்கள். காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், மதியம் லண்டன் பிள்ளைகள் என்று ஷிப்ட் போட்டு நடத்தினார்கள். வரலாற்றிலேயே முதல்தடவையா ஒரு செப்டம்பரில் கிராமத்து வாத்தியாருக்குப் பிள்ளைகள் அதிகமாகிப் போச்சு! சும்மா விடுவாங்களா? 1942இல் சட்டம் போட்டு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களை வருஷத்துக்கு 20 அரைநாள் வரை பள்ளி நேரத்திலேயே பண்ணை வேலைக்கு அனுப்பலாம் என்றார்கள். பெரும்பாலும் உருளைக்கிழங்குக்கு.

பிள்ளைகளை வயலிலிருந்து கடைசியில் மீட்டது சட்டம் மட்டுமில்லைங்க, மிஷினும்தான். 1950கள், 60களில் ஹாப்ஸ் பறிக்கும் இயந்திரம் வந்தது. லண்டன் குடும்பங்களின் அந்த ரயில் பயணம் நின்றுபோனது. உருளைக்கிழங்குக்கும் அறுவடை இயந்திரம் வந்தது. இன்றைக்கு இங்கிலாந்து ஆரம்பப் பள்ளியில் செப்டம்பர் என்றால் புதுச் சீருடை. அறுவடைத் திருநாளுக்குப் பிள்ளைகள் கொண்டு வருவது வயல் காய்கறியைவிட டப்பா உணவுதான் அதிகம். ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு அனுப்புவார்கள். அப்புறம் அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் லீவு, நவம்பர் 5 வாணவேடிக்கை, டிசம்பரில் இயேசு பிறப்பு நாடகம்.

ஸ்காட்லாந்தில் மட்டும் அக்டோபர் லீவுக்கு இன்னும் பழைய பேர் ஒட்டிக்கிட்டிருக்கு. 'டாட்டி ஹாலிடேஸ்'. டாட்டின்னா அவங்க பேச்சுவழக்குல உருளைக்கிழங்கு. அந்த லீவுல பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போறாங்க, வசதி இருக்குறவங்க ஸ்பெயின் கடற்கரைக்குப் போறாங்க. கிழங்கை மிஷின் தோண்டிக்கிட்டிருக்கு.